ஆறு மாதமும் ஆறு இலட்சமும்

சீமான் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒரு பருவம் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தான் என்றால் அது செய்தியே அல்ல. அப்பனுக்குப் பணம் இருந்தது, போனான். படித்தானோ ஊர் சுற்றினானோ, வந்தான். ஆனால் ரயில்வே பட்டறையில் வேலை செய்யும் தோழர் ஒருவரின் மகள், அரசு கலைக் கல்லூரியிலே பௌதிகம் படிக்கும் பெண், "நானும் ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து வரலாமா?" என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? வீட்டிலே, "நமக்கெதற்கம்மா இதெல்லாம்?" என்கிறார்கள். கல்லூரியிலே, "அட்டெண்டன்ஸ் போய்விடும், அரியர் விழும்" என்கிறார்கள். பல்கலைக்கழக அலுவலகத்திலே பதிலே வருவதில்லை. எழுதிய மனு எந்த மேசையில் கிடக்கிறதோ, யார் கண்டது!

அந்தப் பெண்ணின் கேள்வி ஆசைப்பேச்சு அல்ல, உரிமைக் கேள்வி என்பது நமது கருத்து. ஆனால் உரிமை, உரிமை என்று முழங்கினால் மட்டும் விமானம் ஏற்றிவிட மாட்டார்கள். எங்கே கதவு, எங்கே பூட்டு, சாவி யார் கையில் என்பதைத் தோழர்கள் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இன்று இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கதையும் காவியமும் படிப்பவர்கள் வேற்று நாடு பார்ப்பது பொருத்தம், விஞ்ஞானம் எங்கும் ஒன்றுதானே, நியூட்டன் விதி சேலத்தில் ஒன்றும் ஸ்டாக்ஹோமில் வேறொன்றுமா என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். விதி ஒன்றுதான், கருவி ஒன்றல்லவே! எக்ஸ் கதிரைக் கொண்டு படிகத்தின் அமைப்பை ஆராயும் கருவியை நமது கல்லூரி மாணவன் பாடப்புத்தகத்துப் படத்தில் பார்க்கிறான். பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் அழகாக வரைகிறான். பரீட்சையில் அதற்கு மார்க்கும் வாங்குகிறான். கையால் தொட்டவன் எத்தனை பேர்? தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. லேத் இயந்திரத்தின் படத்தை வரையத் தெரிந்தவனை எந்த மேஸ்திரியும் டர்னர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். விஞ்ஞானமும் ஒரு கைத்தொழில்தான். கருவியருகே நிற்காதவன் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

வெளிநாட்டில் ஒரு பருவம் என்பதை ஐரோப்பாவில் எப்படிச் சாத்தியமாக்கினார்கள் என்று பாருங்கள். சோஃபியா கொராதி என்ற இத்தாலியப் பெண், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு 1958-இல் ரோம் நகரத்துக்குத் திரும்பினார். அங்கே பெற்ற பட்டத்தைத் தமது பல்கலைக்கழகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்தது ஏளனம். அந்த ஏளனத்தை அவர் வீட்டுக்கு எடுத்துச்சென்று அழுதுகொண்டிருக்கவில்லை. ஒரு நாட்டில் படித்ததை மற்றொரு நாடு ஏற்றே தீரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடினார், வாதாடினார், எழுதினார். 1987-இல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டு 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றார்கள். அன்றுமுதல் அத்திட்டத்தால் பயன்பெற்றவர்கள் 1.5 கோடிக்கும் மேல். ஏளனம் செய்த குமாஸ்தாவின் பெயர் எவருக்கும் தெரியாது.

இத்திட்டத்தின் உயிர்நாடி பணம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பணம் முக்கியம்தான், ஆனால் உயிர்நாடி ஒரு காகிதம். மாணவன் புறப்படுவதற்கு முன்பே, எந்தெந்தப் பாடத்தை அங்கே படிக்கப்போகிறான், அது இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுதி, மாணவனும் அனுப்பும் பல்கலைக்கழகமும் ஏற்கும் பல்கலைக்கழகமும் ஆக மூவரும் கையெழுத்திடுகிறார்கள். கற்றல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தேறி வந்தவனிடம், "இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லையே" என்று பின்னால் கைவிரிக்க முடியாது. தொழிற்சங்கத்தில் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். முதலாளி வாயால் ஒப்புக்கொண்டதற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கும் உள்ள வேறுபாடு நாம் அறியாததா?

நமது நாட்டுச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கிறதா? இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகள், இந்தியக் கல்வி நிறுவனம் வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் இரட்டைப் படிப்பில், மொத்த கிரெடிட்டில் 30 சதவிகிதம் வரை அயல்நாட்டில் பெறலாம் என்கின்றன. மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பில் ஒரு பருவம் என்பது ஆறில் ஒரு பங்கு, 17 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆக, வரம்பு தாராளமாகவே இருக்கிறது. ஆனால் யாருக்கு? 'நாக்' மதிப்பீட்டில் 4-க்கு 3.01 வாங்கிய நிறுவனம், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் வந்த நிறுவனம், அல்லது மேன்மை நிறுவனம் என்று மத்திய அரசு முத்திரை குத்திய நிறுவனம் - இவற்றுக்குத்தான் தனி அனுமதி கேட்காமலே கதவு திறக்கும். ஆசிரியர் பணியிடங்களைக் காலியாகவே வைத்து, ஆய்வுக்கூடத்தைப் பாழடையவிட்டு, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, பிறகு மதிப்பெண் குறைவு என்று கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்? 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனார்களே, அதன் பலனைக் கும்மிடிப்பூண்டியிலும் கோவில்பட்டியிலும் இருக்கும் பிள்ளைகள் இப்படித்தான் அனுபவிக்கிறார்கள்.

சரி, கதவு எப்படியோ திறந்தது என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் பருவத்தில் போவது? இங்கேதான் நமது பிள்ளைகள் வழிகாட்டுவாரின்றித் தடுமாறுகிறார்கள். நமது கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் நான்கு பருவங்களிலும் பொதுவாகப் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், அத்துடன் துணைப்பாடம் உண்டு. நான்காம் பருவத்தில் ஒரு மாணவன் சுவீடனுக்குப் போனால் பௌதிகத்துக்கு ஈடான பாடம் கிடைக்கும். பகுதி ஒன்று தமிழுக்கு ஈடு சுவீடனில் எங்கே தேடுவான்? திரும்பி வந்து அந்தப் பரீட்சையை அரியராக எழுதவேண்டியதுதான். ஆறாம் பருவத்தில் புராஜெக்டும் இறுதித் தேர்வும் மேற்படிப்பு விண்ணப்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். மொழிப்பாடம் முடிந்து, முதன்மைப் பாடங்களே நிறைந்திருக்கும் ஐந்தாம் பருவமே தக்க பருவம் என்பது எமது முடிவு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில பல்கலைக்கழகங்களில் மூன்றாம் ஆண்டுப் பிராக்டிகல் பரீட்சையை ஆண்டு முடிவில்தான் நடத்துகிறார்கள். ஐந்தாம் பருவத்துச் சோதனைகளைச் செய்யாமல் போனவன், ஆறாம் பருவத்தில் இரண்டு மடங்கு சோதனை செய்து ரெக்கார்டு நோட்டை முடிக்கவேண்டும். அல்லது அங்கே செய்யும் சோதனைகளை இங்கே ஏற்பதாக முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கவேண்டும்.

காலண்டரையும் பார்க்கவேண்டும். ஜெர்மனியில் கட்டணமில்லாப் படிப்பு என்று கேட்டதும் எல்லோருக்கும் அந்த நாட்டு நினைவே வருகிறது. அங்கே குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. நமது ஒற்றைப்படைப் பருவமோ ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பர் பரீட்சையோடு முடிகிறது. டிசம்பரில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. ஆக, அங்கே ஒரு பருவம் படிக்கப் போனவனுக்கு இங்கே இரண்டு பருவம் அடிபடும்! கோடைப் பருவமும் அப்படியே. ஏப்ரலில் தொடங்கி நமது பரீட்சைமீது வந்து மோதுகிறது. சிங்கப்பூரில் ஆகஸ்டு முதல் டிசம்பர் தொடக்கம் வரை. ஆஸ்திரேலியாவில் ஜூலை முதல் நவம்பர் வரை. அமெரிக்காவில் ஆகஸ்டு இறுதி முதல் டிசம்பர் வரை. நமது ஐந்தாம் பருவத்தோடு இவை ஏறக்குறைய ஒட்டிப்போகின்றன. சுவீடனில் ஜனவரி நடுவரை நீளும், ஒரு மாத இழப்போடு சமாளிக்கலாம். பரீட்சை எழுதாமல் புறப்பட்டு வந்துவிட்டால் அங்கே படித்த அத்தனையும் தண்ணீரில் போட்ட உப்பு. வகுப்பு முடிவதைப் பார்த்து விமானச் சீட்டு வாங்கக்கூடாது, பரீட்சை முடிவதைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

பாடத்தின் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. "குவாண்டம் மெக்கானிக்ஸ்" என்று இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றாக இருக்கும். அங்கே அந்த வகுப்பில் உட்காருவதற்கு முன்பே ஒரு குறிப்பிட்ட கணிதம் தெரிந்திருக்கவேண்டும் என்பார்கள். ஆகவே பாடத்திட்டத்தை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கிரெடிட் கணக்கும் வேறு. ஐரோப்பாவில் ஆண்டுக்கு 60, பருவத்துக்கு 30. நமது தேசிய வரையறையில் ஆண்டுக்கு 40. மூன்றுக்கு இரண்டு என்ற இந்தக் கணக்குத் தெரியாத அலுவலர், 30 கிரெடிட் வாங்கி வந்தவனுக்கு எதை எப்படிச் சேர்ப்பது என்று விழிப்பார். மதிப்பெண் விஷயம் இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் ஒட்டித் தேறியவன், 5 என்றால் தோல்வி! 1.3 வாங்கி வந்த கெட்டிக்காரப் பெண்ணை இங்கே ஒரு குமாஸ்தா பத்துக்கு 1.3 என்று பதிவு செய்துவிட்டால், எம்.எஸ்சி. தரவரிசையில் அவள் கதி என்ன? மாற்று அட்டவணை புறப்படுமுன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தோடு கையில் இருக்கவேண்டும்.

ஆய்வுக்கூட வகுப்பில் இருக்கைக்கு ஏற்பத்தான் ஆளை எடுப்பார்கள். விரிவுரை மண்டபத்தில் இன்னும் பத்துப் பேரை நெருக்கி உட்காரவைக்கலாம், சோதனை மேசையில் முடியாது. ஆகவே பாடம் கிடைத்தது என்ற கடிதம் போதாது. சோதனை மேசையும் கிடைத்ததா என்று தனியே கேட்டு உறுதி செய்யவேண்டும். கருவியைத் தொடப் போகிறவன் அது இல்லாமல் போய்ச் சேர்வதில் பொருளில்லை.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், மூன்றாம் ஆண்டில் போக விரும்பும் மாணவர் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே இறங்கியாகவேண்டும். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டி, போலீஸ் விசாரணை முடித்து வாங்கி வைப்பதற்கு முதலாண்டு விடுமுறையே போதும். ஆங்கிலத் தேர்வுக்குப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற கல்லூரிச் சான்றிதழையே சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளலாம்.

இனிப் பணம். ஜெர்மனி விசா தருவதற்கு முன், தங்கிப் படிக்கப் பணம் உண்டு என்பதற்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்டச் சொல்கிறது. 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. மாதத்துக்கு 992. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய். இது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் மட்டும்; விமானச் சீட்டு தனி. கல்விக்கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தின் மறுபக்கம் இது. பஞ்சாலைத் தோழர் ஒருவர் ஆறு இலட்சத்தைச் சேர்க்க எத்தனை ஆண்டு ஓவர்டைம் பார்க்கவேண்டும்? அங்கே வேலை செய்து சமாளிக்கலாமே என்பார்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய ஜெர்மானியச் சட்டம் அனுமதிக்கத்தான் செய்கிறது. ஆனால் பிற்பகல் முழுவதும் ஆய்வுக்கூடம், இரவெல்லாம் அறிக்கை எழுதுதல் என்றிருக்கும் விஞ்ஞான மாணவன் எந்த நேரத்தில் ஓட்டலில் தட்டுக் கழுவுவான்? வேலையை நம்பிக் கடன் வாங்கிப் போவது வேண்டாம் என்றே நாம் கூறுவோம்.

இந்த இடத்தில்தான் ஏஜெண்டு வருகிறான். "வெளிநாட்டு செமஸ்டர், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பளபளக்கும் தாளை நீட்டுகிறான். அவனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பருவத்தை எங்கள் பல்கலைக்கழகம் ஏற்பதாக எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், வீட்டு நகையை அடகு வைத்துச் சுற்றுலா போய்வந்து, ஓர் ஆண்டையும் இழந்து நிற்பதுதான் மிச்சம்.

ஏஜெண்டு வேண்டாத வழி உண்டு. எராஸ்மஸ் திட்டம் இன்று ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளுக்கும் விரிந்திருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதற்கு நிதியும் ஒதுக்கப்பட்டால், அந்த வழியில் செல்லும் மாணவருக்கு நாட்டுக்குத் தக்கபடி மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகை, பயணச்செலவுக்குத் தனித்தொகை, அங்கே கல்விக்கட்டணமும் கிடையாது. ஏழ்மையும் பிற தடைகளும் உள்ளவர்களுக்கு மாதம் 250 யூரோ கூடுதல் என்றும் அத்திட்டத்தில் விதி வைத்திருக்கிறார்கள். ஆக, பணம் இல்லாதது அல்ல தடை. கையெழுத்திட நமது பல்கலைக்கழகங்கள் முன்வருகின்றனவா, வந்தாலும் வளாகத்துத் துறைகளோடு நின்றுவிடாமல் இணைப்புக் கல்லூரி மாணவனையும் சேர்க்கின்றனவா என்பதே கேள்வி.

சர்க்கார் பணத்திலோ பொதுப் பணத்திலோ ஏழைப் பிள்ளை கடல் கடந்து படிப்பது புதுமையும் அல்ல. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் இராமானுஜன், எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். 1914 மார்ச் 17-இல் அதே சென்னையிலிருந்து அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேற்றியது யார்? ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகம். அதற்கு முந்தைய ஆண்டு, 1913-இல், பரோடா மன்னர் மாதம் பதினொன்றரைப் பவுன் கொடுத்ததால் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குச் சென்றார். ஒருவருக்குப் பல்கலைக்கழகம், மற்றவருக்கு மன்னர். மன்னர் மனமிரங்கினால்தான் படிப்பு என்ற காலம் மலையேறிவிட்டது. அந்த இடத்தில் இன்று வரவேண்டியது மக்கள் அரசு.

கழகத் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: "முதலில் நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துக் குழாயில் தண்ணீர் வரட்டும், காஸ் அடுப்பு எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் ஜெர்மனியை." நியாயமான கோபம். அந்தக் கோபத்தை நாம் தள்ளவில்லை. நூறு பேரை அனுப்பும் பணத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் கருவிகள் வாங்கலாம் என்பது மெய். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நல்ல ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் பார்த்தே இராத தலைமுறை, தண்ணீர் வராத குழாயை இயற்கை நியதி என்று எண்ணிக்கொள்கிறது. போய்வந்த ஒரு பெண், "அங்கே இரண்டாம் ஆண்டு மாணவிகள் இதைக் கையால் இயக்குகிறார்கள், இங்கே ஏன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, அந்தப் பீரோவின் பூட்டு ஆட்டம் காணும். போனவர்கள் அங்கேயே தங்கிவிடமாட்டார்களா என்பதும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாத கேள்வி. பட்டம் இங்கே இருக்கிறது, ஆறாம் பருவம் இங்கே இருக்கிறது, திரும்பாவிட்டால் பட்டமே இல்லை.

செலவைக் கணக்கிட்டும் காட்டுகிறோம். ஒருவருக்கு ஆறு இலட்சம், பயணத்துக்கும் விசாவுக்கும் ஓர் இலட்சம். ஆண்டுக்கு அரசு கல்லூரி மாணவர் நூறு பேர் என்றால் ஏழு கோடி ரூபாய். ஒரு மாநில அரசுக்கு இது தாங்கமுடியாத தொகையா? முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வெளிநாடு செல்ல உதவித்தொகைகள் உண்டு. பி.எஸ்சி. படிக்கும்போதே ஒரு பருவம் போய்வருவதற்கு அவற்றில் இடமில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கேட்கிறோம்.

மாவட்டந்தோறும் உள்ள தோழர்களுக்கும், பல்கலைக்கழக செனட்டிலும் சிண்டிகேட்டிலும் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும் இப்போது வேலை இருக்கிறது. ஐந்தாம் பருவத்தை அயல்நாட்டில் படிக்க இடமளித்துப் பாடத்திட்டக் குழு எழுத்தில் விதி செய்யவேண்டும். சோதனைப் பாடத்துக்கும் மதிப்பெண் மாற்றத்துக்கும் அந்த விதியிலேயே வழி இருக்கவேண்டும். வெளிநாட்டோடு போடும் ஒப்பந்தத்தில் "இணைப்புக் கல்லூரிகள் உட்பட" என்ற சொற்கள் இடம்பெறவேண்டும். ஒவ்வொரு அரசு கல்லூரியிலும் இதற்கென ஓர் ஆசிரியர், அவருக்கு வகுப்பு நேரத்தில் சலுகை. அடுத்த செனட் கூட்டத்தில் உறுப்பினர்கள் எழுப்பவேண்டிய கேள்வி இது: "சென்ற ஐந்து ஆண்டுகளில் நமது இணைப்புக் கல்லூரிகளிலிருந்து வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவந்த விஞ்ஞான மாணவர் எத்தனை பேர், அவர்களில் அரசு கல்லூரியினர் எத்தனை பேர்?" கிடைக்கும் பதிலைக் கூட்டக் குறிப்போடு நமக்கு அனுப்பி வையுங்கள், வெளியிடுகிறோம்.